கோக்-புலாக்கில் படியாத மணல்

998.2.

ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை இத்தனை கிலோ. கனிஷாய் தன் பிறந்த தேதியை எழுதியதைவிட இந்த எண்ணை எழுதியதுதான் அதிகம். வயது ஐம்பத்திரண்டு. அதில் இருபத்தைந்து வருடம் நாரின் நகரத்தில் ஒரு வடிவமைப்பு அலுவலகத்தில், வாய்க்காலுக்கும் குழாய்க்கும் தொட்டிக்கும் கணக்குப் போடும் வேலை. நடுவில் நான்கு வருடம், பழைய நாடு உடைந்து புது நாடாகிச் சம்பளம் நின்றுபோனபோது, சந்தையில் காலுறை விற்றாள். அங்கே வைத்துக் கேட்டிருந்தாலும் 998.2 என்று சொல்லிவிட்டுத்தான் காலுறையின் விலையைச் சொல்லியிருப்பாள்.

அலுவலகத்தில் அவள் மேசைமீது ஒரு கண்ணாடிப் பலகை உண்டு. எல்லா மேசையிலும் உண்டு. அதற்கடியில் தொலைபேசி எண்கள், பேருந்து நேரம், மகள் கல்யாணப் படம், இவற்றுக்கு நடுவே விரல் அகலத்தில் ஒரு தாள் துண்டு. ‘தண்ணீர், 20 டிகிரி’ என்று தொடங்கி ஆறு எண்கள்: அடர்த்தி, பாகுத்தன்மை, ஆவியழுத்தம், அப்படி. மற்றவர்களுக்கும் கணக்குக்கு எண் வேண்டுமென்றால் கனிஷாயின் தேநீர்க் கிண்ணத்தை நகர்த்திவிட்டுக் குனிந்து பார்த்துக்கொள்வார்கள். யாரும் அந்த எண்களைச் சந்தேகப்பட்டதில்லை. தண்ணீர்தானே, அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது.

2014 ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை, தலைமைப் பொறியாளர் அசானகுன் அவளைக் கூப்பிட்டு ஒரு படத்தை நீட்டினார். மலைமேல் கோக்-புலாக் கிராமத்துச் சிறு மின்நிலையத்தின் டர்பைன் சக்கரம். அதன் இரும்பு இதழ்களின் ஓரமெல்லாம் எலி கடித்த ரொட்டிபோல இருந்தது.

“ரெண்டு வருஷம்கூட ஆகல, பைக்கே,” என்றாள். அவர் அவளைவிட ஆறு வயது மூத்தவர். முப்பது வருடமாக அவருக்கு அவள் வாயில் அண்ணன் முறைதான்.

“அதான் பிரச்சன. மணல் உள்ள போயிருக்கு. மணல் தொட்டி யாரு கணக்கு?”

“என்னோடது.”

“சரியாப் போட்டியா?”

“மூணு தடவ சரிபாத்தேன்.”

“அப்போ அந்தக் காவக்காரன் தூங்கியிருக்கான். அடிமதகத் தொறந்து மணலக் கழுவி விடல. வெள்ளிக்கெழம விசாரணக் குழு போகுது. நீ நாளைக்கே போயிப் பாத்துட்டு மூணு வரி எழுதிக் குடு. கணக்கு சரி, தொட்டி சரி, பராமரிப்புல தவறு. கீழ கையெழுத்து.”

“பாத்துட்டு எழுதறேன்.”

“பாத்துட்டுத்தான் எழுதச் சொல்றேன். பாத்துட்டு மூணு வரி.”

கனிஷாய் கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கணக்கு அவளுக்கு மனப்பாடம். பனிப்பாறையிலிருந்து வரும் ஓடை மணலைச் சுமந்து வருகிறது. அதை நேரே டர்பைனுக்குள் விட்டால் இரும்பைத் தேய்த்துவிடும். எனவே அகலமான ஒரு தொட்டியில் தண்ணீரை மெதுவாக நடக்கவிட வேண்டும்; நடக்கிற நேரத்துக்குள் மணல் அடியில் படிந்துவிடும். அரிசிக் குருணையைவிடப் பொடியான மணல், நொடிக்கு எட்டு மில்லிமீட்டர் இறங்கும். இரண்டு மீட்டர் ஆழம் இறங்க நான்கு நிமிடம் பத்து நொடி. அதற்குள் தண்ணீர் ஐம்பது மீட்டர் போகும். ஐந்து மீட்டர் கூடுதலாகப் போட்டு ஐம்பத்தைந்து என்று வரைந்தாள். இதில் தப்பு எங்கே ஒளிந்துகொள்ளும்? மறுபடி கூட்டினாள். ஒளியவில்லை.

புதன்கிழமை மதியம் கோக்-புலாக்கில் அவளை இறக்கிவிட்டு ஜீப் திரும்பிப் போயிற்று. தொட்டிக்கு நாற்பது அடி தள்ளி இரண்டு அறை வீடு. அந்த வீடு வேலையோடு வந்தது. வேலை போனால் வீடும் போகும். காவலாள் எகெம்பெர்திக்கு இதைத் தவிர ஊரில் ஒரு சுவர்கூடச் சொந்தமில்லை. மனைவி ஸெய்னெப், மூன்று பெண்கள். வாசலிலேயே நின்றிருந்தான், கையைக் கட்டிக்கொண்டு. மூத்த பெண்ணை அக்கா என்பதுபோல அவளை எஜே என்றான்.

“எஜே, வேலய விட்டுத் தூக்க வந்தீங்களா, தேநீர் குடிக்க வந்தீங்களா?”

“மொத தேநீர்.”

“நல்லது. வயிறு நெறஞ்சா கை நடுங்காது. கையெழுத்து அழகா வரும்.”

“உள்ள கூப்பிடாம வாசல்லயே ஆளக் கொல்றீங்க,” என்று ஸெய்னெப் உள்ளிருந்து சத்தம்போட்டாள். “வாங்க எஜே. இவரு ஒரு வாரமா இப்படித்தான். ஆட்டுக்கிட்டகூட நியாயம் கேக்கறாரு.”

பாலூற்றிய தேநீர், நெய்யில் பொரித்த மாவுத் துண்டுகள், கிண்ணத்தில் கட்டித் தயிர். கனிஷாய் சாப்பிட்டுக்கொண்டே விசாரித்தாள். அடிமதகை ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறக்கிறாய்?

“சட்டப்படி ரெண்டு. நான் நாலு தடவ தொறக்கறேன். மணல் வந்துக்கிட்டே இருக்கே.”

“குறிச்சு வச்சிருக்கியா?”

“கதவுல சுண்ணாம்புக் கட்டியால கோடு போட்டேன். மழ வந்து அழிச்சிருச்சு. மழய சாட்சிக்குக் கூப்பிட முடியுமா?”

“ஒருநாள்கூட விட்டதில்லையா?”

எகெம்பெர்தி மனைவியைப் பார்த்தான். அவள் தயிர்க் கிண்ணத்தைப் பார்த்தாள்.

“ஒருநாள் விட்டேன்,” என்றான். “ஜூன்ல. இவ தம்பி கல்யாணம். மறுநாள் மதியம்தான் வந்தேன். வேணும்னா எழுதிக்குங்க.”

அவள் எழுதிக்கொள்ளவில்லை. மூன்று வரிக்கு அந்த ஒரு நாள் போதும் என்பது அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் சொன்னான் என்பதுதான் அன்றைய முதல் குழப்பம்.

கையோடு ஒரு மீட்டர் நீளமுள்ள கண்ணாடிக் குழாய் கொண்டுவந்திருந்தாள். அடி மூடியது, மேலே திறந்தது. தொட்டியின் கடைசி முனையில், மணலே இருக்கக் கூடாத வெளிவாய் விளிம்பில், கையை விட்டு அள்ளினாள். கை நிறைய மணல் வந்தது. சல்லடையில் சலித்து, காயவைத்து, சமையலறையில் குழாயை நிமிர்த்தி, மூலையில் இருந்த வாளித் தண்ணீரை ஊற்றி, ஒரு சிட்டிகை மணலை மேலே போட்டாள். கடிகாரம் ஓடிற்று. மணல் அடியைத் தொட நூற்று இருபத்திரண்டு நொடி.

நொடிக்கு எட்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. கணக்கு சொன்னதேதான்.

“என்ன சொல்லுது எஜே?” என்றாள் ஸெய்னெப்.

“கணக்கு சரின்னு சொல்லுது.”

ஸெய்னெப் முகம் சுருங்கிற்று. கனிஷாய்க்கும் சந்தோஷம் வரவில்லை. கணக்கு சரி, நாலு தடவை கழுவியதும் உண்மை என்றால் தொட்டியின் கடைசியில் மணலுக்கு என்ன வேலை? அவன் பொய் சொல்கிறான். அல்லது குழாய் பொய் சொல்கிறது. ஜூன் கல்யாணத்தைச் சொன்னவன் இதில் மட்டும் ஏன் பொய் சொல்லப் போகிறான்?

குழாயைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்கரைக்குப் போனாள். அதே மணல், தொட்டித் தண்ணீர். மேலே போட்டாள். நூற்று இருபது ஆயிற்று. மணல் நடுவழிக்குச் சற்றுக் கீழே மிதப்பதுபோல இறங்கிக்கொண்டிருந்தது. நூற்று ஐம்பது. அடியைத் தொட்டபோது நூற்று எண்பத்தாறு.

“கடிகாரம் நின்னு ஓடுதா?” என்றான் எகெம்பெர்தி.

மறுபடி போட்டாள். நூற்று எண்பத்தெட்டு. அவனைப் போடச் சொன்னாள். நூற்று எண்பத்தைந்து. வீட்டுக்குள் ஓடிப்போய் வாளித் தண்ணீரில் போட்டாள். நூற்று இருபத்தொன்று.

“வாளியில என்ன தண்ணி?”

“இதே வாய்க்கா தண்ணிதான் எஜே,” என்றாள் ஸெய்னெப். “நேத்து சாயங்காலம் மொண்டு வச்சேன்.”

“உப்பு, சோடா, ஏதாவது போட்டியா?”

“தண்ணிக்கு எதுக்கு உப்பு? எங்க வீட்டுக்குள்ள வந்தா மணலுக்கும் அலுப்பு வந்து சீக்கிரம் உக்காந்துருதோ என்னவோ.”

எகெம்பெர்தி சிரித்தான். அந்த வாரத்தில் அவன் முதல் சிரிப்பு அது என்று ஸெய்னெப் பிறகு சொன்னாள். கனிஷாய் சிரிக்கவில்லை. அதே ஓடை, அதே மணல், அதே குழாய். ஒரு ராத்திரி சமையலறையில் தங்கிய தண்ணீர் வேறு தண்ணீராகிவிடுமா?

வியாழக்கிழமை காலை துணியில் வடிகட்டிப் பார்த்தாள். வாய்க்கால் தண்ணீரில் கலந்த வண்டல்தான் மணலைத் தாங்குகிறது என்று நினைத்தாள். நான்கு மடிப்புத் துணி. வடிந்த தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. நூற்று எண்பது. வண்டல் தாங்கவில்லை, வேறு எதுவோ தாங்குகிறது.

வெப்பநிலையா? அந்த நினைப்பு அவளுக்கு முன்பே வந்ததுதான். 2011இல் இந்தத் தொட்டியை வரைந்தபோதே வந்தது. கோப்பைத் திறந்தாள். ஓரத்தில் அவள் கையெழுத்திலேயே இருந்தது: ‘தண்ணீரின் வெப்பநிலை: சரிபார்த்தேன், விளைவு இல்லை.’ எப்படிச் சரிபார்த்தாள் என்பதும் நினைவிருந்தது. குளிர்ந்த தண்ணீரின் அடர்த்தியைப் பார்த்தாள். ஆயிரம் கிலோவில் இரண்டு கிலோகூட வித்தியாசமில்லை. இரண்டு கிலோ வித்தியாசம் மணலை நூற்று இருபத்திரண்டிலிருந்து நூற்று எண்பத்தாறுக்கு இழுக்காது. ஆக, வெப்பம் இல்லை. பிறகு எது?

“எஜே, நீங்க ரெண்டு நாளா ஒரே குழாயப் பாத்துக்கிட்டு இருக்கீங்க,” என்றான் எகெம்பெர்தி. “நான் ரெண்டு வருஷமா இந்தத் தொட்டியப் பாக்கறேன். ஒண்ணு சொல்லட்டா?”

“சொல்லு.”

“அக்டோபர்ல மணல் வராது. ஓட தெளிஞ்சிரும். வெயில் காலத்துலதான் பனி உருகி மணல அடிச்சிக்கிட்டு வரும். அந்த நேரத்துல தொட்டிக்குள்ள எறங்கி மதகச் சரிபண்ணுனா காலு வெறச்சிரும். வெளிய சட்டய கழட்டணும்போல இருக்கும், உள்ள எலும்பு வலிக்கும்.”

“தெரியும். குளிர்ந்த தண்ணி. அடர்த்தி மாறல.”

“அடர்த்திய நான் பாத்ததில்ல. கால் வெறைக்கறதத்தான் சொன்னேன்.”

சன்னல் சட்டத்தில் திருகியிருந்த வெப்பமானியை அவன் கழற்றிக்கொண்டு வந்தான். வெளியே முப்பத்தொன்று காட்டிக்கொண்டிருந்தது. கயிற்றில் கட்டி வாய்க்காலில் விட்டார்கள். சிவப்புக் கோடு கீழே கீழே போய் ஐந்தில் நின்றது. சமையலறை வாளியில் இருபத்தொன்று.

கனிஷாய் ஒரு கறுப்பு வாளியில் வாய்க்கால் தண்ணீரை மொண்டு வெயிலில் வைத்தாள். உப்பில்லை, துணியில்லை, வீட்டின் அலுப்பும் இல்லை, வெயில் மட்டும். மூன்று மணி நேரம் வாசலில் உட்கார்ந்து வாளியைக் காத்தாள். மதியம் மணலைப் போட்டாள். நூற்று முப்பத்தொன்று.

அப்படியென்றால் வெப்பம்தான். ஆனால் அது வெப்பமாக இருக்க முடியாது. அடர்த்தி மாறவில்லையே. தலைக்குள் இரண்டும் ஒரே நாற்காலிக்கு முட்டிக்கொண்டு நின்றன.

தொட்டியின் தடுப்புச்சுவர்மேல் ஏறினால்தான் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்கும். ஏறி அசானகுனைக் கூப்பிட்டாள். முழுக் கையேடு அவர் அலமாரியில்தான் இருந்தது.

“எழுதிட்டியா?” என்றார்.

“இன்னும் இல்ல. பைக்கே, அந்தப் பெரிய கையேட்ட எடுத்து, தண்ணிக்கு அஞ்சு டிகிரி வரியப் படிங்க.”

“எதுக்கு?”

“படிங்களேன்.”

பக்கம் புரளும் சத்தம். “அடர்த்தி தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது புள்ளி ஒம்பது ஏழு. ஆயிரம்னே வச்சுக்க. இருபதுல 998.2. என்ன பெரிய வித்தியாசம்?”

“ஒண்ணுமில்ல. எனக்கும் அதான் புரியல. அடுத்தது?”

“பாகுத்தன்ம. இருபதுக்கு ஒண்ணு புள்ளி பூஜ்யம் பூஜ்யம் நாலு. அஞ்சுக்கு...”

பக்கம் முன்னும் பின்னும் புரண்டது.

“பைக்கே?”

“ஒண்ணு புள்ளி அஞ்சு ஒண்ணு ஒம்பது.”

“மறுபடி படிங்க.”

“அஞ்சு ஒண்ணு ஒம்பது. ஒண்ணர மடங்கு.”

கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, எந்த விதத்திலும் கெட்டியாகத் தெரியாமல். எடை அப்படியே இருக்க, மணலைப் பிடித்து நிறுத்தும் கொழகொழப்பு மட்டும் ஒன்றரை மடங்கு கூடியிருந்தது. எண்ணெயைக் குளிரில் வைத்தால் கெட்டியாகும் என்பது அவளுக்குத் தெரியாததா? தண்ணீரை மட்டும் அந்த வரிசையில் அவள் சேர்க்கவில்லை. பிரூன்ஸே பாலிடெக்னிக்கில் படித்த ஐந்து வருடமும் தேர்வுத் தாளில் தண்ணீர் என்றால் இருபது டிகிரிதான். ஆய்வகத்துத் தண்ணீரும் சூடேற்றிக்குப் பக்கத்தில் நின்று இருபதாகவே இருந்தது. சந்தையை விட்டு 2001இல் வேலைக்குத் திரும்பியபோது பழைய அட்டவணைத் தாள் கண்ணாடிக்கடியில் அடங்கவில்லை. கத்தரிக்கோலால் இருபதின் வரியை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டு மீதியைத் தூரப் போட்டவள் அவளேதான். அப்புறம் எட்டு வருடம் சமவெளி வாய்க்கால்கள். நாற்பது மைல் வெயிலில் நடந்து வரும் தண்ணீருக்கு அந்தத் துண்டு பொய் சொல்லவில்லை. பனிப்பாறைக்குக் கீழே சின்னச் சின்ன மின்நிலையம் கட்ட ஆரம்பித்தது பிறகுதான்.

மனசுக்குள் வகுத்துப் பார்த்தாள். நொடிக்கு எட்டு இல்லை; ஐந்து கால். நான்கு நிமிடம் இல்லை, ஆறே கால். ஐம்பத்தைந்து மீட்டர் போதாது; எழுபத்தாறு வேண்டும். எகெம்பெர்தி நாலு தடவை இல்லை, நாற்பது தடவை மதகைத் திறந்தாலும் இறங்காத மணலைக் கழுவ முடியாது.

“கனிஷாய்,” என்றார் அசானகுன். குரல் தணிந்திருந்தது. “அந்த ஆளு ஏதாவது ஒருநாள் மதகத் தொறக்காம விட்டிருப்பான்ல?”

“ஜூன்ல ஒருநாள். அவனே சொன்னான்.”

“அப்புறம் என்ன? அது போதும். நான் மூணு வரிதான் கேட்டேன்.”

“ஒருநாள் தொறக்கலன்னா ஒருநாள் மணல். சக்கரத்த ரெண்டு வருஷமா தின்னிருக்கு.”

“நீ எழுதற மூணு வரிக்குக் கீழ ஒரு பேரு வரும். அது அவன் பேரா உன் பேரான்னு யோசிச்சியா?”

“தொட்டி வரபடத்துலயே என் பேருதான பைக்கே இருக்கு.”

“ஓய்வுக்கு ஆறு வருஷம் இருக்கு உனக்கு.”

“அவன் கடைசிப் பொண்ணுக்கு ஆறு வயசு.”

கனிஷாய் தொலைபேசியை அணைத்துவிட்டுச் சுவரிலிருந்து இறங்கினாள். இருபத்தைந்து வருடம் ஒரு பொருளோடு குடித்தனம் நடத்திவிட்டு அதைத் தனக்குத் தெரியாது என்று கண்டுபிடிப்பது எந்த வகையான உணர்ச்சி என்று அவளுக்குப் பெயர் தெரியவில்லை. வெட்கம் மாதிரி இருந்தது. பசி மாதிரியும் இருந்தது.

“என்ன ஆச்சு எஜே? முகம் செத்துப்போச்சு,” என்றாள் ஸெய்னெப்.

“தப்பு என்னோடது.”

எகெம்பெர்தி நம்பவில்லை. அவன் நெற்றியைச் சுருக்கி அவளையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தான். “இது ஏதாவது தந்திரமா? நாளைக்கு அவங்க முன்னாடி வேற சொல்வீங்களா?”

“நாளைக்கும் இதேதான்.”

“எதுக்கு?”

“நூத்தி எண்பத்தாறு நொடி ஆகுதே, அதுக்கு.”

இந்தப் பதில் அவனுக்கு விளங்கவில்லை. அவளுக்கும் முழுதாக விளங்கியதாகச் சொல்ல முடியாது. ஆனாலும் அவன் போய் இரண்டு வாளிகளைக் கழுவி வைத்தான்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. அசானகுன், மாவட்ட அலுவலகத்து ஆள் ஒருவர், கிராமத் தலைவர். மாவட்டத்து ஆள் தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, காவலாள் எங்கே, ஜூனில் மதகைத் திறக்காத நாள் உண்டாமே என்று ஆரம்பித்தார். அசானகுன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கனிஷாய் குழாயை நிமிர்த்தினாள்.

“மொதல்ல கடிகாரத்த நீங்க பிடிங்க,” என்று மாவட்டத்து ஆள் கையில் கொடுத்தாள்.

இளவெப்ப வாளி: நூற்று இருபத்துமூன்று. வாய்க்கால் வாளி: நூற்று எண்பத்தேழு. மாவட்டத்து ஆள் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். கிராமத் தலைவர் தானே ஒரு சிட்டிகை போட வேண்டும் என்றார், போட்டார், நூற்று எண்பத்தாறு.

“ரெண்டும் ஒரே தண்ணியா?” என்றார் மாவட்டத்து ஆள்.

“ஒரே தண்ணி.”

“அப்புறம் எப்படி?”

“நானும் ரெண்டு நாளா அதத்தான் கேட்டேன்,” என்றாள் கனிஷாய். பிறகு எழுதிவைத்திருந்த தாளை எடுத்துக் கொடுத்தாள். மூன்று வரிதான். தொட்டியின் கணக்கில் தண்ணீர் இருபது டிகிரி என்று கொள்ளப்பட்டது, உண்மையில் ஐந்து. தொட்டி இருபத்தொரு மீட்டர் குறைவு. பராமரிப்பில் தவறு இல்லை.

“ஜூன்ல ஒருநாள்...” என்று மாவட்டத்து ஆள் இழுத்தார்.

“அந்த ஒருநாளுக்கு ஒரு நாள் சம்பளத்தப் பிடிங்க,” என்றார் அசானகுன், தலை நிமிராமலே. “வீட்டப் பிடிக்காதீங்க.” கனிஷாய்க்கு அடுத்து அந்தத் தாளில் அவரும் கையெழுத்துப் போட்டார். ஏன் போட்டார் என்று திரும்பி வரும் வழியெல்லாம் அவள் யோசித்தாள். அவரிடம் கேட்கவில்லை.

எகெம்பெர்தி வேலையில் இருக்கிறான். கனிஷாய்க்கு ஒரு வருடம் வரைபடத்தில் கையெழுத்துப் போடும் உரிமை இல்லை. அவள் வரைந்த மற்ற இரண்டு மலைத் தொட்டிகளுக்கு வெப்பமானியோடு போகச் சொல்லியிருக்கிறார்கள். கோக்-புலாக் தொட்டியை இருபத்தைந்து மீட்டர் நீட்டும் வேலை அடுத்த மே மாதம் முடியும். அதுவரை இரண்டு டர்பைனில் ஒன்றுதான் ஓடும், பாதித் தண்ணீர் பாதி வேகத்தில் நடக்கும், மணல் படியும். கிராமத்தில் ஒருநாள் மேல்தெருவுக்கும் மறுநாள் கீழ்த்தெருவுக்கும் மின்சாரம்.